ஈயக் குண்டுக்கு எந்த விரிப்பு டை வாங்கலாம்: நான்கு வகையும் போட்டுப் பார்த்தவனின் அனுபவம்

போன வாரம் செங்கோட்டையில் காலை எட்டு மணி, சாரல் அப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்திருந்தது, டெக்சாஸிலிருந்து மச்சினன் கூப்பிட்டான். அங்கே ராத்திரி ஒன்பதரை. "அத்தான், அம்பது ரவுண்டுதான் சுட்டேன், குழலுக்குள்ள ஈயம் அப்பிக் கெடக்கு. ஈயம் மெதுவா இருக்கு, இன்னும் கெட்டியான குண்டா வாங்குன்னு ரேஞ்சுல சொல்றாங்க, வாங்கட்டுமா?" என்றான். நான் குண்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கேஸ் வாயை விரிக்க எந்த டை போடுற?" என்று மட்டும் கேட்டேன். சுட்டு முடிந்த பித்தளைக் கூட்டை, அதாவது கேஸை, வீட்டிலேயே பிரெஸ்ஸில் வைத்து மறுபடி தோட்டாவாக நிரப்புகிறவன் அவன், டை என்பது அந்தப் பிரெஸ்ஸில் மாட்டுகிற அச்சு. "செட்டோட வந்ததுதான் அத்தான், அதுல என்ன இருக்கு?" என்றான். அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவனுக்கு விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. இதே கேள்வியை ஹூஸ்டனிலும் டாலஸிலும் இருக்கிற நம் ஆட்கள் இன்னும் நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. நான் அங்கே பதினான்கு வருஷமாக மெஷினிஸ்ட், இப்போது லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறேன், என் பிரெஸ், டை, ஈயம் உருக்கும் பானை எல்லாம் டெக்சாஸில்தான் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசு உரிமம் தேவையில்லை, விற்பனைக்குச் செய்தால்தான் தேவை. இந்தியாவில் அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மலையடிவாரத்தில் காட்டுப்பன்றித் தொல்லை எவ்வளவு இருந்தாலும் சரி, ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு எதையும் செய்து பார்க்க வேண்டாம். இது அங்கே சட்டப்படி செய்கிறவர்களுக்கு மட்டும்.

இந்த விஷயத்தின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது டெக்சாஸில் இல்லை, பெரியப்பாவின் பட்டறையில். புளியரை போகிற ரோட்டில் ஒரு சின்ன லேத், ஒரு வெல்டிங் செட், அவ்வளவுதான் பட்டறை. கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்துக்காரர்கள் மழைக்கு முன்னால் மருந்தடிக்கிற ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பித்தளைக் குழாய் ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற இடம் உடைந்திருக்கும், புதுக் குழாயின் நுனியை விரித்துப் பொருத்த வேண்டும். நான் சின்னப் பையனாக ஒரு கூம்பை வைத்துத் தட்டினேன், நுனி புனல் மாதிரி அழகாக விரிந்தது, ஆனால் மற்றக் குழாய் அரை விரக்கடைகூட உள்ளே போகாமல் முட்டிக்கொண்டு நின்றது, இன்னும் தட்டினேன், நுனி கிழிந்தது. பெரியப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வாயை மட்டும் பொளந்தா போதுமாடே? உள்ள போறதுக்கு எடம் வேண்டாமா?" என்றார். அவர் செய்தது வேறு. முதலில் நேரான, வழுவழுப்பான ஒரு கம்பியை எண்ணெய் தடவி உள்ளே விட்டுக் கழுத்து முழுவதையும் கொஞ்சம் அகலப்படுத்துவார், அப்புறம்தான் அதைவிடக் கொஞ்சம் பெரிய கம்பியால் நுனியை மட்டும் ஒரு படி மாதிரி எடுப்பார். மற்றக் குழாய் அந்தப் படியில் நேராக உட்கார்ந்துகொள்ளும், ஒரு தட்டு, உள்ளே போய்விடும். ஈயக் குண்டுக்கு வேண்டிய விரிப்பு டை செய்கிற வேலை அச்சு அசலாக இதுதான்.

விஷயத்துக்கு வருவோம். செம்புத் தகடு போர்த்திய குண்டு கெட்டி. அதை இறுக்கமான பித்தளைக் கேஸுக்குள் அழுத்தினால் கேஸ்தான் விரிந்து கொடுக்கும், குண்டு மாறாது. வார்த்த ஈயக் குண்டு அப்படி இல்லை. கேஸ் இறுக்கமாக இருந்தால் ஈயம்தான் விட்டுக்கொடுக்கும், குண்டு சிறுத்துவிடும். .38 ஸ்பெஷல் என்கிற ரிவால்வர் தோட்டாவுக்கு .358 அங்குலத்தில் கவனமாக சைஸ் செய்த, அதாவது அச்சில் தள்ளிச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த குண்டு, கேஸுக்குள் போனதும் .355, .356 என்று ஆகிவிடும். வெளியே தெரியாது. தோட்டா பார்க்க அழகாக இருக்கும். சுடும்போது குழலின் சுருள் பள்ளத்தை அந்தக் குண்டு அடைக்காது, பின்னாலிருந்து வருகிற சூடான வாயு இடுக்கு வழியாகப் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழல் சுவரில் பூசிவிடும். மச்சினன் பார்த்தது அதுதான். அவனைப் போல ஆயிரம் பேர் "குண்டு மெதுவாக இருக்கிறது" என்று நினைத்துக் கெட்டி ஈயத்துக்குக் காசு போடுகிறார்கள். சுத்த ஈயத்தின் பிரினெல் கெட்டித்தன்மை 5, பழைய வீல் வெயிட் (கார் சக்கரத்தைச் சமன் செய்ய மாட்டுகிற ஈயத் துண்டு) 12-ஐ ஒட்டி இருக்கும், 90 பங்கு ஈயத்துக்கு 5 தகரம், 5 ஆன்டிமனி கலந்த லைமன் நம்பர் 2 கலவை 15. சாதாரணக் கைத்துப்பாக்கி வேகத்துக்கு 12 தாராளம். கெட்டியை ஏற்றி அளவைக் கோட்டை விட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை, சொல்லப்போனால் சிறுத்துப்போன கெட்டிக் குண்டு இன்னும் மோசம், அழுத்தம் பட்டு விரிந்து இடுக்கை அடைக்கிற வாய்ப்பும் அதற்குக் குறைவு.

இனிமேல் அளவுகளை "தவு" என்று சொல்கிறேன், லேத் பட்டறையில் சொல்கிற மாதிரி. ஒரு தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மொத்த விவகாரமும் இரண்டு மூன்று தவுக்குள்தான் இருக்கிறது.

முதல் வருஷம் நானும் இதில் மாட்டிக்கொண்டேன். மூன்று டை வரும் ஒரு செட் வாங்கியிருந்தேன், கம்பெனி பெயர் வேண்டாம். அதில் இருந்த விரிப்பு பிளக்கை, அதாவது டைக்குள்ளிருந்து கேஸ் வாய்க்குள் இறங்கி விரிக்கிற கம்பியை, மைக்ரோமீட்டரில் பிடித்தபோது செம்புக் குண்டுக்கு ஏற்ற அளவில் இருந்தது, ஈயக் குண்டைவிட நான்கு ஐந்து தவு சிறிசு. அது தப்பு என்று சொல்ல முடியாது, செம்புக் குண்டு போடுகிறவர்களுக்கு அது சரியான அளவு, இறுக்கிப் பிடிக்கும். ஆனால் பெட்டியில் அதை எங்கேயும் எழுதியிருக்கவில்லை. நான் 200 குண்டு வார்த்து, சைஸ் செய்து, மசகு பூசி, எல்லாவற்றையும் அந்த டையில் நிரப்பிவிட்டேன். முதல் நாள் ரேஞ்சில் ஐம்பது சுட்டதும் குறி சிதற ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து குழலைச் சுத்தம் செய்ய இரண்டு சாயங்காலம் ஆனது. அசல் செம்புக் கம்பிச் சுருளைப் பழைய பிரஷ்ஷில் சுற்றித் தேய்த்தால் ஈயம் கீற்றுக் கீற்றாக வரும், அந்த வேலை தெரிந்தவர்களுக்குத்தான் அதன் எரிச்சல் புரியும். செம்பு முலாம் மட்டும் பூசிய இரும்புச் சுருளாக இருந்துவிடக் கூடாது, ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் எல்லோரும் முதலிலேயே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். பிரைமர் (பொறி கிளப்புகிற அடி மூடி) இல்லாத, வெடிமருந்து போடாத ஒரு வெற்றுக் கேஸை எடுத்து, வழக்கம் போல விரித்து, குண்டை அழுத்தி, கிரிம்ப்பும் செய்துவிட்டு, அதாவது கேஸ் வாயைக் குண்டின் மேல் இறுக்கிவிட்டு, சுத்தியல் மாதிரி இருக்கிற, குண்டைப் பிடுங்குகிற புல்லரில் போட்டுத் தட்டிக் குண்டை வெளியே எடுங்கள். எடுத்த குண்டின் அடிப்பாகத்தை மைக்ரோமீட்டரில் அளங்கள். வெர்னியர் போதாது, ஒரு தவு வித்தியாசத்தை நம்பிச் சொல்ல மைக்ரோமீட்டர்தான் வேண்டும். போகும்போது .358, வரும்போது .358 என்றால் உங்கள் டையில் குறையில்லை, மேலே படிக்கத் தேவையில்லை, போய்ச் சுடுங்கள். எனக்கு .355 வந்தது. அன்றைக்குத்தான் பெரியப்பா சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

அன்றிலிருந்து நான் நான்கு வகை விரிப்பு டைகளைப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

லீ யுனிவர்சல் எக்ஸ்பாண்டிங் டை. விலை குறைவு, .22 முதல் .45 வரைக்கும் ஒரே டை, இரண்டு பிளக் கூடவே வரும். இதன் பெயரைப் பார்த்து நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், ஏமாற்றியது கம்பெனி இல்லை, பெயரை நாம் சரியாக வாசிப்பதில்லை. இந்த டை வாயை மட்டும் புனல் மாதிரி விரிக்கும், கழுத்தின் உட்பக்கத்தைத் தொடவே தொடாது. வாயில் குண்டு சுரண்டப்படாமல் உள்ளே போவதற்கு அது போதும், போன பிறகு நசுங்காமல் இருப்பதற்குப் போதாது. நான் முதலில் தட்டிய கூம்பு இதுதான். ஈயக் குண்டுக்கு இதைத் தனியாக வாங்காதீர்கள். ஆனால் இதன் உடம்பு எனக்கு மிகவும் பிடிக்கும், காரணம் அடுத்ததில் வருகிறது.

என்.ஓ.இ. கம்பெனியின் விரிப்பு பிளக்குகள். இவர்கள் குண்டு வார்க்கும் அச்சுக்குப் பெயர் போனவர்கள். இந்த பிளக்குகளை மேலே சொன்ன லீ யுனிவர்சல் உடம்புக்குள் போட்டுக்கொள்கிற மாதிரி கடைந்து விற்கிறார்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் இரண்டு எண் இருக்கும். சின்ன எண் கழுத்துக்கு, பெரிய எண் வாயில் எடுக்கிற படிக்கு. இதைப் புரிந்துகொண்டால் வாங்குவது சுலபம்: உங்கள் குண்டைவிட இரண்டு தவு சிறிய எண் கழுத்துக்கு, ஒன்று இரண்டு தவு பெரிய எண் வாய்க்கு. .358 குண்டு என்றால் .356 கழுத்து, .360 வாய் உள்ள பிளக். பித்தளை விரிந்த பிறகு கொஞ்சம் சுருங்கி வரும், ஏறக்குறைய ஒரு தவு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆகக் கழுத்து கடைசியில் குண்டைவிடச் சுமார் மூன்று தவு சிறிசாக நின்று பிடித்துக்கொள்ளும், நசுக்காது. அளவுகள் நிறைய இருப்பதுதான் இதன் பெரிய சௌகரியம். 9 எம்.எம். துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் குழலின் பெயரளவு .355 என்றாலும் நிஜத்தில் ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், .356 குண்டு ஒருவருக்குப் போதும், இன்னொருவர் .358 வரைக்கும் போக வேண்டியிருக்கும். குழலை அளந்து, குண்டைத் தீர்மானித்து, அதற்கு ஏற்ற பிளக்கை வாங்கலாம். நான் இப்போது பெரும்பாலும் இதைத்தான் போடுகிறேன். ஒரு உடம்பு, நாலு பிளக்.

லைமன் எம் டை. இதைத்தான் இந்த இரண்டு படி யோசனைக்குத் தாய் என்று சொல்ல வேண்டும். ஈயக் குண்டு வார்க்கிறவர்கள் "எம் மாதிரி" என்று சொன்னாலே இந்த இரண்டு படி வடிவம் என்று அர்த்தம். கீழ்ப்பகுதி கழுத்தை அகலப்படுத்தும், அதற்கு மேலே ஒரு சின்னப் படி, குண்டு அதில் நேராக உட்காரும். ரைபிளுக்கும் கைத்துப்பாக்கிக்கும் கிடைக்கிறது. டையின் வேலை சுத்தமாக இருக்கிறது, பிளக் வழுவழு என்று இருக்கிறது, பதினோரு வருஷமாக என்னிடம் இருப்பதில் ஒரு கீறல் இல்லை. பிளக் ஒரு காலிபருக்கு ஒன்று என்ற கணக்கில் வரும், என்.ஓ.இ. போல ஒரு தவு, இரண்டு தவு என்று பொறுக்கி எடுக்க முடியாது. உங்கள் குண்டு வழக்கமான அளவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். வழக்கத்தைவிடத் தடித்த குண்டு போடுகிறவர்கள் பிளக்கை அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆர்.சி.பி.எஸ். கௌபாய் டை செட். .38 ஸ்பெஷல், .45 கோல்ட் போன்ற ரிவால்வர் தோட்டாக்களுக்கு, ஈயக் குண்டையே மனதில் வைத்து விரிப்பு பிளக்கையும், குண்டைக் கேஸுக்குள் அழுத்தி உட்கார வைக்கிற சீட்டிங் பகுதியையும் செய்திருக்கிறார்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர், ரிவால்வர் மட்டும்தான், ஈயம் மட்டும்தான் என்றால் தனித்தனியாகத் தேடாமல் இந்த செட்டையே வாங்கிவிடலாம். இதைப் பற்றி எனக்கு அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது.

டில்லன் மாதிரி, ஒவ்வொரு இழுப்பிலும் எல்லா வேலையும் அடுத்தடுத்து நடக்கிற புரோகிரஸிவ் பிரெஸ் வைத்திருக்கிறவர்கள் இந்த நாலையும் பார்த்து "எனக்கு இடமே இல்லையே" என்று நினைக்கலாம். அங்கே மருந்து விழுகிற புனலேதான் விரிப்பானாகவும் வேலை செய்கிறது. இரண்டு படி வடிவத்தில் கடைந்த புனல்களை வேறு கம்பெனிகள் செய்து விற்கின்றன, புனலை மட்டும் மாற்றினால் போதும். லீ செட்டில் வருகிற, மருந்து உள்ளே வழியாக விழுகிற டையும் இதே தத்துவம்தான்.

டைகளின் மரை எல்லாம் 7/8 அங்குலம், 14 மரை, ஆகவே எந்தக் கம்பெனி டையும் சாதாரண ரீலோடிங் பிரெஸ்ஸில் ஏறும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ஒரு பிளக்கை வாங்கினதும் முதலில் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். எனக்கு ஒரு தடவை வந்த பிளக்கில் லேத் கோடுகள் அப்படியே இருந்தன, விரல் நகத்தில் தட்டியது. எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. அதைப் போட்டால் ஒவ்வொரு கேஸும் கிறீச் என்று கத்திக்கொண்டு வெளியே வரும், ஹேண்டிலைத் தூக்கும்போது கேஸைப் பிடித்து இழுக்கும். லேத்தில் பிடித்து 600 நம்பர் எமரித் தாளில் லேசாக மினுக்கினேன், சரியாகிவிட்டது. லேத் இல்லாதவர்கள் டிரில்லில் மாட்டிச் செய்யலாம். ஆனால் அளவைக் குறைத்துவிடக் கூடாது, கோடு போனதும் நிறுத்திவிட வேண்டும், நடுநடுவே அளந்துகொண்டே இருக்க வேண்டும்.

டையைப் பூட்டுகிற விதத்தில்தான் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள், நல்ல டை வாங்கியும் பிரயோசனம் இல்லாமல் போவது இதனால். பலர் வாய் மணி மாதிரி விரிகிற வரைக்கும் டையை இறக்கிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற விரிப்பே வேண்டாம். கால் சுற்று கால் சுற்றாக இறக்குங்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு குண்டைக் கையால் வைத்துப் பாருங்கள். குண்டின் அடி படியில் உட்கார்ந்து, கேஸைத் தலைகீழாகக் கவிழ்க்காத வரைக்கும் விழாமல் நேராக நின்றால் போதும், அங்கேயே பூட்டுங்கள். குண்டு சாய்ந்து நின்றால் சாய்ந்தபடியேதான் உள்ளே போகும், ஒரு பக்கம் ஈயம் சுரண்டி வளையமாக வெளியே நிற்கும், அந்த வளையம் சேம்பரில், அதாவது தோட்டா போய் உட்காருகிற இடத்தில், மாட்டும். புனல் மாதிரி விரித்தால் குண்டு எந்தப் பக்கமும் சாயும், படி மாதிரி எடுத்தால் சாய இடமே இல்லை. எம் மாதிரி வடிவத்தின் இரண்டாவது நன்மை இதுதான், முதல் நன்மையை எல்லோரும் சொல்வார்கள், இதைச் சொல்கிறவர்கள் குறைவு.

கேஸ்களின் நீளம் ஒன்றாக இருக்க வேண்டும், இதையும் மறக்கக் கூடாது. டை ஓர் இடத்தில் நிற்கிறது, நீளமான கேஸ் கூடுதலாக விரியும், குட்டையானது விரியாது. .38 ஸ்பெஷலின் அதிகபட்ச நீளம் 1.155 அங்குலம், 9 எம்.எம். 0.754. பல கம்பெனிக் கேஸ்களைப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருக்கிறவர்கள் குறைந்தபட்சம் கம்பெனிவாரியாகப் பிரித்துவிட்டு டையைப் பூட்டுங்கள். சுவர்த் தடிமனும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

9 எம்.எம். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, மச்சினனிடம் இருப்பதும் அதுதான். அந்தக் கேஸ் நேரான குழாய் இல்லை, அடிப்பக்கம் போகப் போகச் சுவர் தடிக்கும். 147 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்கிற அளவு) மாதிரி நீளமான குண்டு ஆழமாக உட்காரும்போது அதன் அடி அந்தத் தடித்த இடத்துக்குப் போய்விடும், கழுத்தை எவ்வளவு அழகாக விரித்திருந்தாலும் அடிப்பாகம் அங்கே நசுங்கும். அதனால் பிளக்கின் நீளமும் முக்கியம், கழுத்துப் பகுதி குண்டு உட்காரும் ஆழம் வரைக்கும் எட்ட வேண்டும். .38-இல் முழுதாக உள்ளே புதைந்து நிற்கிற வாட்கட்டர் குண்டுக்கும் இதே பிரச்சினை. வாங்கும்போது இதைக் கேளுங்கள், பலரும் விட்டுவிடுகிற கேள்வி. 9 எம்.எம்.-இல் எட்டவில்லை என்றால் குட்டையான, எடை குறைந்த குண்டுக்கு மாறிவிடுவதுதான் சுலபம். நான் 120 கிரெய்னை ஒட்டிய குண்டோடு நின்றுவிட்டேன், நிம்மதியாக இருக்கிறது.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டுக் கடைசியில் கெடுக்கிற இன்னொரு ஆள் இருக்கிறது: கார்பைட் வளையம் வைத்த கிரிம்ப் டை. நிரப்பிய தோட்டாவை வெளியிலிருந்து மறுபடி ஒரு தடவை சைஸ் செய்து அனுப்புகிற வகை. செம்புக் குண்டுக்கு அது நல்ல காவல், எந்தத் தோட்டாவும் சேம்பரில் மாட்டாது. தடித்த ஈயக் குண்டுக்கு அதே வளையம் கேஸுக்கு மேலிருந்தே குண்டை அழுத்திச் சிறுக்க வைத்துவிடும். விரிப்பு டைக்குச் செலவு செய்துவிட்டு இதையும் போட்டால் கொடுத்த இடத்தை இந்த வளையம் பிடுங்கிக்கொள்ளும். எனக்கு முதலில் பிளக்கை மாற்றிய பிறகும் .358 குண்டு .357 என்று வந்துகொண்டிருந்தது, ஒரு மாதம் மண்டையைக் குடைந்து, இந்த வளையத்தை எடுத்த அன்று .358 ஆனது. இப்போது 9 எம்.எம்.-க்குச் சாதாரண டேப்பர் கிரிம்ப் டை, அதுவும் விரித்த வாயை மறுபடி நேராக்குகிற அளவுக்குத்தான், வாயின் வெளி அளவு .380-ஐத் தாண்டக் கூடாது. 9 எம்.எம். சேம்பரில் வாய் நுனியில்தான் நிற்கிறது, அதைக் கடித்து உள்ளே மடக்கினால் அந்த நிலையே போய்விடும். .38-க்கு அடியில் விளிம்பு இருக்கிறது, அதில்தான் நிற்கும், அதனால் அங்கே வாயை உள்ளே மடக்குகிற ரோல் கிரிம்ப் போடலாம், குண்டில் அதற்கென்று பள்ளம் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, பிளக்கைப் பெரிதாக வாங்கிவிடுவது. கழுத்து தொளதொள என்று இருந்தால் குண்டை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். செமி ஆட்டோ துப்பாக்கியில் தோட்டா சரிவில் மோதி ஏறும்போது குண்டு பின்னால் தள்ளப்பட்டுக் கேஸுக்குள் இறங்கும், மருந்துக்கு இருந்த இடம் குறையும், அழுத்தம் தாறுமாறாக ஏறும். இது விளையாட்டு இல்லை. மருந்து இல்லாத டம்மி ஒன்றைச் செய்து, மொத்த நீளத்தை அளந்துவிட்டு, குண்டு முனையை மேஜை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள், மறுபடி அளங்கள். நீளம் குறையக் கூடாது. குறைந்தால் ஒரு தவு சிறிய பிளக்குக்குப் போங்கள், கிரிம்ப்பைக் கூட்டி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பிடிமானம் கழுத்திலிருந்துதான் வர வேண்டும்.

பித்தளையைப் பற்றி இரண்டு வார்த்தை. தோட்டாக் கேஸ் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. ஒவ்வொரு தடவை விரித்து, சுருக்கி, மறுபடி விரிக்கும்போது அது இறுகும், இறுகினால் கீறும். புனல் மாதிரி அகலமாக விரிக்கிறவர்களுக்கு வாய்க் கீறல் சீக்கிரம் வருவது இதனால்தான். இந்த இடத்தில் எப்போதும் எனக்கு ஞாபகம் வருவது ஒரு பழைய சங்கதி. வெள்ளைக்காரன் காலத்தில் நம் நாட்டில் ராணுவத் தோட்டாக்களை மழைக்காலத்தில் குதிரை லாயத்தில் வைத்திருந்தபோது கேஸ்கள் தாமாகவே வெடித்துக் கீறின, பருவகாலத்தை வைத்தே அதற்கு "சீசன் கிராக்கிங்" என்று பெயர் வந்தது. 1921-இல்தான் காரணத்தை விளக்கினார்கள்: குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும், உருவாக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை. நம் கைக்கு வருகிற கேஸும் விரிந்து சுருங்கி இழுவிசையோடு இருக்கிற பித்தளைதான், அதனால் அமோனியா கலந்த எந்தத் திரவத்திலும் கேஸைக் கழுவாதீர்கள், மினுமினுக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ஊரில் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கிறாளே, அந்த மாதிரி லேசான புளிப்பு, சிட்ரிக் அமிலம் கொஞ்சம் போட்ட வெந்நீர், அது போதும், நன்றாக அலசிக் காயவைத்துவிட வேண்டும்.

ஈயம் தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம், வார்க்கிற இடத்தில் காற்றோட்டம் வேண்டும், சின்னப் பிள்ளைகளை அந்த ஷெட்டுக்குள் விடவே கூடாது. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், ஒரு சொட்டுத் தண்ணீர் பானைக்குள் விழுந்தால் தெறித்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள்.

காசு விஷயம். புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் சொல்வது லீ யுனிவர்சல் டையும், உங்கள் குண்டுக்கு ஏற்ற ஒரே ஒரு என்.ஓ.இ. பிளக்கும். மிச்சமாகும் காசில் ஒரு நல்ல மைக்ரோமீட்டர் வாங்குங்கள், டையைவிட அதுதான் முதலில் வேண்டும், அது இல்லாமல் எந்த பிளக் வாங்குவது என்றே தெரியாது. .38-க்கு மட்டும், .358 குண்டு மட்டும் என்று தீர்மானமாக இருக்கிறவர்கள் லைமன் எம் டைக்குப் போங்கள், விலை கூடுதல்தான், ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினால் வேலை முடிந்தது. குண்டுக்குப் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பொடியைப் பூசிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) போடுகிறவர்கள் கோட்டிங் போட்டு, மறுபடி சைஸ் செய்த பிறகு அளந்த அளவை வைத்து பிளக் எண்ணைத் தேர்ந்தெடுங்கள், கோட்டிங் ஒன்று இரண்டு தவு ஏற்றிவிடும்.

மச்சினனிடம் முதலில் குண்டைப் பிடுங்கி அளக்கச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரியே போட்டோ அனுப்பினான், .357 குண்டு .354 ஆகி வந்திருந்தது, அடியில் கேஸ் பதிந்த தடம்கூடத் தெரிந்தது. கெட்டி ஈயம் வாங்குவதை நிறுத்திவிட்டு, கழுத்துக்கு .355-உம் வாய்க்கு .359-உம் உள்ள பிளக்குக்கு ஆர்டர் போட்டான். நேற்று வந்து சேர்ந்ததாம். "அத்தான், புடுங்கிப் பாத்தேன், .357 அப்படியே இருக்கு" என்றான். கிரிம்ப் எந்த டையில் போட்டாய் என்று கேட்டேன். இன்னும் கிரிம்ப் போடவில்லை, வீட்டில் இருப்பது கார்பைட் வளையம் வைத்ததுதான் என்றான். அதைத் தொடாதே, நான் வருகிற வரைக்கும் என் மேஜை இரண்டாவது டிராயரில் இருக்கிற டேப்பர் கிரிம்ப்பை எடுத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.